தகவலாளி வாத்தியாராவது எப்போது?

எம்.ஏ. இரண்டாம் ஆண்டில் எங்களுக்குப் பயன்பாட்டு மொழியியல் என்றொரு தாள். 'பயன்பாட்டு மொழியியலின் பயன்களை விளக்குக' என்கிற கேள்வி வருஷம் தவறாமல் வரும். மொழி கற்பித்தல், பிழை ஆய்வு, ஒப்பீட்டாய்வு, மொழிபெயர்ப்பு, அகராதித் தொகுப்பு என்று ஐந்து தலைப்புப் போட்டு ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம் எழுதினால் இருபதுக்குப் பதினாலு நிச்சயம். நான் பதினைந்து வாங்கினேன். பயன் என்றால் யாருக்குப் பயன் என்று வாத்தியாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டு எழுதியிருந்தால் ஐந்துகூடத் தேறியிருக்காது.

அந்தத் தாளை மட்டம் தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. எனக்கு அது செய்த நன்மை பெரிசு. பள்ளிக்கூடத்தில் நான் எழுந்து வாசித்தால் வகுப்பே சிரிக்கும். ழகரம் வராது. கிடக்கிறது என்பது கெடக்கு என்றுதான் வரும். "சேரிப் பேச்ச வாசல்லயே விட்டுட்டு வாடா" என்பார் தமிழய்யா. அதைப் பத்து வருஷத்துக்கு மேல் சுமந்துகொண்டு எம்.ஏ. வகுப்பில் போய் உட்கார்ந்தவனுக்கு, பிட் கார்டர் 1967-இல் எழுதிய கட்டுரையின் சாரத்தைச் சொன்னார்கள். கற்பவர் செய்யும் பிழையை அறியாமை என்று ஒதுக்கக் கூடாது, அவருக்குள் இயங்கும் ஓர் ஒழுங்கின் தடயம் அது என்பதுதான் அந்தச் சாரம். 1969-இல் வில்லியம் லேபோவ், அமெரிக்கக் கறுப்பினப் பிள்ளைகளின் பேச்சுக்கென்று தனி இலக்கணமும் தர்க்கமும் உண்டு என்று எடுத்துக்காட்டியதையும் சொன்னார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. அப்ப எங்க ஆயா பேசினதுக்கும் இலக்கணம் இருக்கு. தொல்காப்பிய மரபியல் வழக்கு என்பதை உயர்ந்தோர் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனது. மொழியியல் அதை எங்கள் தெருவுக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டது என்று நம்பினேன்.

அப்படி வாங்கிக்கொண்ட விடுதலையை வைத்து அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு நான் என்ன செய்தேன் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

படிப்பு முடிந்ததும் தோழர்கள் சிலரோடு சேர்ந்து, கோத்தகிரிக்குக் கீழே கிழக்குச் சரிவில் ஓர் இருளர் குடியிருப்பில் மாலைப் பள்ளி நடத்தினேன். பத்துப் பதினைந்து பிள்ளைகள். பாதியில் படிப்பை விடுகிற பிள்ளைகளை விடாமல் இழுத்துப் போவதுதான் நோக்கம். அதில் ஒரு சிறுமி, எட்டு வயசு இருக்கும். வாசிக்கிறபோது சில உயிரொலிகளை நாக்கு வாயின் நடுவிலேயே நிற்கிற மாதிரி, மங்கலாகச் சொல்லுவாள். "வாயத் தொறந்து ஒழுங்காச் சொல்லு பாப்பா" என்பேன். மறுபடியும் அப்படியேதான் வரும். மறுபடியும் சொல்லுவேன். நாலைந்து நாளில் அவள் குரல் இறங்கிப்போனது. அப்புறம் வாசிக்க எழுந்திருக்கவே இல்லை. ஒரு மாசத்தில் வருவதையும் நிறுத்திவிட்டாள். பிள்ளைக்கு ஆர்வமில்லை என்று நோட்டில் எழுதி வைத்தேன்.

நாலைந்து வருஷம் கழித்து ஒரு நூலகத்தில், இருளர் மொழி பற்றிக் கமில் சுவலெபில் 1973-இல் வெளியிட்ட நூலைப் புரட்டினேன். இருளர் மொழியின் தனித்த அடையாளங்களில் ஒன்றாக அவர் விவரித்திருந்தது அந்த நடுவுயிர்களைத்தான். அவருக்கு முன்பே 1968-இல் ழெரார் டிஃப்லோத் என்ற பிரெஞ்சுக்காரர் அமெரிக்காவில் இந்த மொழியைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வேடு எழுதியிருக்கிறார். தமிழுக்கு நெருங்கிய உறவுடைய மொழி என்று அதன் தலைப்பிலேயே சொல்லியிருக்கிறார். உறவுடைய மொழி என்றால் கொச்சைத் தமிழ் என்று அர்த்தமில்லை. செக்கோஸ்லோவாகியாவிலிருந்து வந்தவர் காது கொடுத்துக் கேட்டு எழுதிய ஒலியை, கூப்பிடு தூரத்தில் இருந்த நான் பிழை என்று திருத்திக்கொண்டிருந்தேன். தமிழய்யா எனக்குச் செய்ததை நான் அந்தப் பிள்ளைக்குச் செய்தேன். அவருக்காவது மொழியியல் தெரியாது. எனக்குத் தெரியும். பதினைந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

குற்றத்தை நான் தட்டிக்கழிக்கவில்லை. ஆனால் அந்தத் தாளையும் ஒரு பிரதியாக எடுத்து வைத்து வாசிக்க வேண்டியிருக்கிறது. பயன்பாட்டு மொழியியல் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னால் பெரும்பாலும் ஆங்கிலம் கற்பிக்கும் தேவையை ஒட்டியே வளர்ந்த துறை. நம் நாட்டிலும் 1958-இல் ஐதராபாத்தில் ஆங்கிலத்துக்கான நடுவண் நிறுவனம் தொடங்கிய காலத்திலிருந்து அதன் முகம் ஆங்கில வகுப்பறையைப் பார்த்துத்தான் இருக்கிறது. எங்கள் பாடப்புத்தகத்தில் முதல்மொழி என்றால் தமிழ், இரண்டாம் மொழி என்றால் ஆங்கிலம். தமிழ் மாணவர் ஆங்கிலத்தில் செய்யும் பிழைகளுக்குப் பத்துப் பக்கம். கேரளத்துக்காரருக்குத் தமிழ் கற்பிப்பது பற்றி இரண்டு பக்கம். முதல்மொழியாகத் தமிழையும் பேசாமல் ஆங்கிலத்தையும் பேசாமல் ஒரு குழந்தை தமிழ்நாட்டு ஒன்றாம் வகுப்பில் வந்து உட்காரும் என்கிற நினைப்பே அந்தப் புத்தகத்தில் கிடையாது. அந்தப் பிரதிக்குள் இருளர் குழந்தை இன்னும் பிறக்கவே இல்லை.

ஆனால் அடுத்த அறைக்குப் போனால் நிலைமை வேறு. விளக்க மொழியியல் அலமாரியில் அந்தக் குழந்தையின் பாட்டனும் பாட்டியும் அட்டை போட்டு அடுக்கப்பட்டிருக்கிறார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து மொழியியலாளர்கள் பழங்குடிகளின் மொழிகள் பலவற்றுக்கு இலக்கணம் எழுதியிருக்கிறார்கள். நரிக்குறவர் பேசும் வாக்ரி போலி திராவிட மொழி இல்லை, இந்தோ-ஆரிய மொழி. அதைப் பற்றி ஜி. சீனிவாச வர்மா எழுதிய நூல் 1970-இலேயே வந்துவிட்டது. 1969-இல் மைசூரில் தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் இந்தத் திசையில் நிறையச் செய்திருக்கிறது. இதெல்லாம் சாதாரண உழைப்பு இல்லை. மலை ஏறி, ஊர் ஊராக உட்கார்ந்து சேகரித்தது.

கோளாறு உழைப்பில் இல்லை, பங்கீட்டில் இருக்கிறது. ஆதிவாசி மொழிகளுக்கு விளக்க மொழியியல். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் பயன்பாட்டு மொழியியல். ஒரு வகை மொழி விவரிக்கப்படும், இன்னொரு வகை மொழி கற்பிக்கப்படும். விவரிக்கப்படுகிற மொழிக்கு அட்டவணை உண்டு, ஆய்வேடு உண்டு, பட்டமும் உண்டு. பட்டம் போய்ச் சேருவது விவரித்தவருக்கு. கற்பிக்கப்படுகிற மொழிக்கு வகுப்பறை உண்டு, வாத்தியார் உண்டு, சம்பளம் உண்டு. ஊரையும் சேரியையும் பிரித்த நாட்டில் பாடத்திட்டத்திலும் இப்படி ஒரு கோடு விழுந்திருப்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை. அந்தக் கோட்டை நாமும் தாண்டிப் பார்க்கவில்லையே என்பதுதான் உறுத்துகிறது.

ஆய்வேடுகளின் முதல் பக்கங்களைப் பாருங்கள். தகவலாளி என்று ஒரு சொல் இருக்கும். பெயர், வயது, ஊர், கல்வி. கல்வி என்ற இடத்தில் பெரும்பாலும் 'இல்லை' என்று போட்டிருக்கும். ஒரு மொழியை முழுசாக உள்ளே வைத்திருப்பவருக்குக் கல்வி இல்லை. அவரிடம் கேட்டு எழுதிக்கொண்டவருக்கு மொழியியலில் முனைவர் பட்டம். என்னங்கய்யா கணக்கு இது?

இந்தக் கணக்கின் பெரிய உதாரணம் நீலகிரியிலேயே இருக்கிறது. மர்ரே எமனோ 1930-களின் நடுவில் அங்கே வந்தார். பூர்வகுடி அமெரிக்கர்களின் மொழிகளை அவர்கள் வாயால் சொல்லச் சொல்லக் கேட்டு எழுதும் முறையில் பேர்பெற்ற எட்வர்ட் சபீரிடம் யேல் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். அந்த முறையில் கோத்தர் மொழியில் அவர் எழுதிக்கொண்ட கதைகள் 1944 முதல் 1946 வரை நான்கு பாகங்களாக வெளிவந்தன. தோடர் பாடல்கள் 1971-இல் ஏறக்குறைய ஆயிரம் பக்க நூலாக வந்தன. திராவிட ஒப்பிலக்கணம் படிக்கிற எவரும் இவற்றைத் தாண்டிப் போக முடியாது. எமனோ இதைச் செய்யாமல் போயிருந்தால் இதில் பாதி இன்று காற்றோடு போயிருக்கும். அந்த நன்றியைச் சொல்லிவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

அந்தக் கோத்தர் நூலுக்கு வாய் கொடுத்தவர் சுல்லி என்கிற கோத்தர். மானிடவியலாளர் டேவிட் மாண்டல்பாமுக்கும் அவர்தான் முக்கியத் தகவலாளி. கோத்தர்கள் கொல்லர், தச்சர், குயவர், இசைக்காரர். படகர் வீட்டுச் சாவுக்கு வாசிக்கப் போக வேண்டும். செத்த மாட்டைத் தின்கிறவர்கள் என்று அண்டைச் சமூகங்கள் அவர்களைத் தாழ்வாக வைத்திருந்தன. இந்த இதழின் வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. சுல்லி படித்தார், ஆங்கிலம் கற்றார், மரபை மீறி முடியை வெட்டிக்கொண்டார், இழிவு என்று கருதப்பட்ட வழக்கங்களை விடச் சொல்லித் தன் சனங்களோடேயே மல்லுக்கு நின்றார். மாண்டல்பாம் 1960-இல் அவரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். அதில் சுல்லி ஒரு சீர்திருத்தக்காரர். ஆனால் நம் திராவிட மொழியியல் வகுப்பில் எமனோ பெயர் பத்துத் தடவை வரும், சுல்லி பெயரை ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. தன் மொழியையும் அறிந்து, அதைப் பிறமொழிக்காரருக்கு விளக்கவும் தெரிந்த ஒருவரை வாத்தியார் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பழந்தமிழில் றகரம் இன்றைய ரகரச் சாயலில் ஒலிக்கவில்லை, தகரத்துக்கும் டகரத்துக்கும் நடுவே நாக்கு நுனி அண்பல்லின் பின்மேட்டில் பட்டு வெடிக்கும் தனி ஒலியாக இருந்தது என்று இலக்கண வகுப்பில் கரும்பலகையில் வாய் படம் போட்டு விளக்குவார்கள். பேராசிரியர் சொல்லிக் காட்ட முயல்வார், எங்களுக்கும் வராது, அவருக்கும் வராது. தோடர் மொழியிலும் கோத்தர் மொழியிலும் அந்த மூன்று ஒலிகளும் இன்றும் தனித்தனியாக உயிரோடு இருக்கின்றன. ஒரு கோத்தர் அம்மாவை வகுப்புக்கு அழைத்து, "சொல்லுங்கம்மா" என்று கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் விளங்கியிருக்கும். தொல்காப்பியத்தைப் புரிந்துகொள்ளவே தகவலாளி வாத்தியாராக வேண்டியிருக்கிறது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வருவோம். 1971 முதல் பத்தாயிரம் பேருக்குக் குறைவாகப் பேசும் மொழிகளைத் தனியாகக் காட்டுவதில்லை. தோடரும் கோத்தரும் தலைக்கு இரண்டாயிரத்தைச் சுற்றித்தான் இருப்பார்கள். ஆகவே அவர்கள் மொழிகள் 'பிற' என்கிற மூட்டைக்குள் போய்விட்டன. இருளர் மொழிக்கு வேறு கதி. 2011 கணக்கெடுப்பில் தமிழ் என்ற தலைப்பின் கீழ் என்னென்ன தாய்மொழிகளைச் சேர்த்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இருளர் மொழி, கொரவ, எருகல, கைக்காடி எல்லாம் தமிழுக்குள் அடக்கம். தமிழ் பேசுவோர் இத்தனை கோடி என்று நாம் மேடையில் மார்தட்டும் தொகையில் அவர்கள் தலையும் எண்ணப்படுகிறது. எண்ணிக்கைக்குத் தமிழர், வகுப்பறையில் கொச்சை பேசுகிறவர். இந்தி தன் கணக்கில் போஜ்புரியையும் ராஜஸ்தானியையும் விழுங்குகிறது என்று கொதிக்கிற நம் தோழர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை வாசிக்க வேண்டும். ஆளுக்கொரு அளவுகோல் வைத்துக்கொண்டு மொழியுரிமை பேச முடியாது.

வேறு வழி இல்லையா என்றால் இருக்கிறது. நாற்பது வருஷத்துக்கு முன்பே செய்து காட்டியிருக்கிறார்கள். ராம் தயாள் முண்டா என்கிற முண்டா ஆதிவாசி சிகாகோவில் மொழியியல் படித்தார், மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். அங்கேயே இருந்திருக்கலாம். ஊருக்குத் திரும்பி 1980-களின் தொடக்கத்தில் ராஞ்சிப் பல்கலைக்கழகத்தில் பழங்குடி மற்றும் வட்டார மொழிகள் துறையைக் கட்டி எழுப்பினார். முண்டாரி, சந்தாலி, ஹோ, கடியா, குடுக் ஆகிய ஐந்து ஆதிவாசி மொழிகள், நாக்புரி, குர்மாலி, கோர்ட்டா, பஞ்சபர்கனியா ஆகிய நான்கு வட்டார மொழிகள். ஒன்பதுக்கும் முதுகலைப் படிப்பு. பாட்டும் ஆட்டமும் இல்லாமல் ஆதிவாசி மொழி இல்லை என்று ஆட்டக்களத்தையும் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்தார். பிறகு அதே பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தரானார்.

இதில் நாம் தலைகுனிய வேண்டிய விஷயம் ஒன்று. குடுக் ஒரு திராவிட மொழி, ஒராவோன் மக்கள் பேசுவது. தமிழுக்கும் கோத்தர் மொழிக்கும் உறவு. அந்த மொழிக்கு ராஞ்சியில் எம்.ஏ. இருக்கிறது. திராவிட மொழியியல் என்றாலே நாங்கள்தான் என்று சொல்லிக்கொள்ளும் தமிழ்நாட்டில் என் கைக்கு எட்டிய மொழியியல் பாடத்திட்டம் எதிலும் தோடர் மொழியைப் பேசவோ கோத்தர் மொழியைப் பேசவோ கற்றுத்தரும் ஒரு தாளைக்கூட நான் பார்க்கவில்லை. அவற்றின் ஒலியன் அட்டவணையைப் பார்த்திருக்கிறேன்.

எதிர்வாதங்கள் வரும். எழுத்தில்லாத மொழியை எப்படிக் கற்பிப்பது என்பார்கள். தமிழ் எழுத்தில் இரண்டு குறி கூட்டினால் எழுதிக்கொள்ளலாம். குடுக் மொழிக்கு ஒரு மருத்துவர் தோலோங் சிக்கி என்று புது எழுத்தையே உருவாக்கினார். இரண்டாயிரம் பேர் மொழியைப் படித்து என்ன வேலை கிடைக்கும் என்பார்கள். பிராமி எழுத்தைப் படித்தவரிடம் இந்தக் கேள்வியை நாம் கேட்பதில்லை.

மூன்றாவது வாதம்தான் கனமானது. "அவங்களே தங்க பிள்ளைக்குத் தமிழும் இங்கிலீசும்தான் வேணும்னு கேக்குறாங்க, நீங்க எதுக்கு அவங்கள மலையிலயே கட்டிப்போடப் பாக்குறீங்க?" இதை நானும் அந்தக் குடியிருப்பில் என் காதால் கேட்டிருக்கிறேன். அந்தப் பெற்றோர் சொல்வது நூற்றுக்கு நூறு நியாயம். அம்பேத்கர் ஆங்கிலத்தில் எழுதித்தான் உலகத்தோடு பேசினார். பறையை விட்டவனைப் போய் மறுபடி அடி என்று சொல்ல எவனுக்கும் உரிமையில்லை என்பதைப் போல, தன் மொழியைத் தன் பிள்ளைக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதும் அவர்கள் பாடு. ஆனால் தன் மொழியில் பேசினால் பிள்ளை வகுப்பில் சிரிக்கப்படும், அதனால் விட்டுவிடுகிறேன் என்று ஒரு தாய் சொன்னால் அதை விருப்பம் என்று எழுதிக்கொள்ளக் கூடாது. அது பயம். அந்தப் பயத்தை உண்டாக்கியதில் எனக்கும் பங்கு உண்டு என்பதைத்தான் மேலே சொன்னேன். வீட்டு மொழியில் தொடங்கிப் படிப்படியாகத் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் ஏற்றிவிடுவது எப்படி என்று கண்டறிந்து சொல்வதுதான் பயன்பாட்டு மொழியியலின் வேலை. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க அரசுகள் வசதி செய்ய முயல வேண்டும் என்று 1956-இல் அரசியல் சட்டத்தில் 350-அ பிரிவையே சேர்த்திருக்கிறார்கள். சட்டம் இருக்கிறது, துறை இருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை.

2024-25 தமிழக அரசின் நிதிநிலை அறிக்கையில் தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் ஆகியோரின் மொழி வளங்களை ஆவணப்படுத்த 2 கோடி ரூபாய் அறிவித்தார்கள். நல்ல காரியம், வரவேற்போம். ஆனால் ஆவணப்படுத்துவது என்றால் மறுபடியும் ஒலிப்பதிவுக் கருவியும் தகவலாளியும்தான். அலமாரியில் இன்னும் ஒரு வரிசை கூடும். கற்பிக்க யாருக்குக் காசு?

"பட்டம் இல்லாதவரை எப்படிப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்த விடுவது, விதி இடம் கொடுக்காதே" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு தகவல். பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் நடைமுறைப் பேராசிரியர் என்றொரு பதவிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. தன் துறையில் குறைந்தது பதினைந்து வருஷ அனுபவம் உள்ள வல்லுநரை, பட்டம் கட்டாயம் இல்லாமல், அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் பத்து சதவீதம் வரை அமர்த்திக்கொள்ளலாம். கம்பெனி மேலாளரையும் ஓய்வுபெற்ற அதிகாரியையும் மனசில் வைத்து எழுதிய விதிதான். இருக்கட்டும். அறுபது வருஷம் கோத்தர் மொழி பேசி, அதன் கதையும் பாட்டும் நாக்கில் வைத்திருக்கும் ஒரு மூதாட்டிக்குத் துறை அனுபவம் இல்லை என்று எந்தத் துணைவேந்தர் சொல்வார்? சொல்லட்டும், எழுத்தில் வாங்குவோம்.

மொழியியல் படிக்கும் மாணவத் தோழர்களிடம் கேட்பது இவ்வளவுதான். உங்கள் துறையில் பயன்பாட்டு மொழியியல் தாளின் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். தமிழ்நாட்டு ஆதிவாசி மொழி ஒன்றாவது அதில் கற்பிக்கும் மொழியாக இருக்கிறதா என்று கேளுங்கள். ஆய்வுக்குப் போனால், எழுதி முடித்ததை அந்த ஊர்ப் பிள்ளை வாசிக்கிற எழுத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அந்த நடைமுறைப் பேராசிரியர் விதியைக் காட்டி ஒரு மனுவாவது போடுங்கள். தலித் எழுத்தாளர்களிடமும் ஒன்று. கொச்சை என்று ஒதுக்கப்பட்ட நம் பேச்சை இலக்கியத்துக்குள் கொண்டுவந்து உட்கார வைத்தோம். அந்த நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுப்பது இப்போது நம் முறை.

அந்தச் சிறுமிக்கு இப்போது இருபது வயசு நெருங்கியிருக்கும். கல்லூரிக்கு வரும் வயசு. படித்துக்கொண்டிருக்கிறாளா, தேயிலைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறாளா, எனக்குத் தெரியாது. என் நோட்டில் இருந்த 'ஆர்வமில்லை' என்ற வார்த்தையை அடித்துவிட்டேன். அதனால் அவளுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. என்றைக்காவது அவள் ஒரு மொழியியல் துறை வாசலில் வந்து நின்றால், அவளை நாற்காலியில் உட்கார வைத்து நோட்டை எடுத்துக்கொண்டு எதிரே உட்காரப் போகிறோமா, இல்லை வழக்கம்போலப் பெயர், வயது, ஊர், கல்வி என்று கேட்கப் போகிறோமா?